ஜப்பானில் நூடுல்ஸ் செய்யக் கற்றுக்கொள்ள எங்கே போகலாம்?

நவம்பரில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறீர்கள். கூட ஒன்பது வயது மகன், மனைவி சுத்த சைவம். நடுவில் அரை நாள் ஒதுக்கி, நூடுல்ஸ் செய்யக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றில் சேரலாமா, சேர்ந்தால் ராமெனா உடோனா சொபாவா, டோக்கியோவிலேயே முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கிற காசுக்குத் தகுமா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கிறது.

தாராளமாகப் போங்கள். ஆனால் எந்த வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: மாவில் தண்ணீர் சேர்க்கப்போவது யார்? நீங்களே சேர்ப்பீர்கள் என்றால் அது வகுப்பு. பிசைந்து வைத்த உருண்டையைக் கையில் கொடுத்துத் தேய்க்கவும் வெட்டவும் மட்டும் சொன்னால், அது படம் எடுத்துக்கொள்ள ஏற்ற ஒரு மணி நேரப் பொழுதுபோக்கு. அதுவும் சந்தோஷம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு உங்கள் அடுப்படியில் அந்த நூடுல்ஸ் வராது.

பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்யும் நூடுல்ஸ்தான் சொபா. அதைச் செய்கிறவர்களிடம் ஒரு பழைய சொல் உண்டு: கத்திக்கு மூன்று நாள், தேய்ப்பதற்கு மூன்று மாதம், பிசையும் கிண்ணத்துக்கு மூன்று வருடம். பார்க்கிறவர்கள் கண்ணெல்லாம் அந்தப் பெரிய கத்தியின் மேல்தான் இருக்கும். தொழில் தெரிந்தவர்களோ வெட்டுவதைக் கடைசியில் வைக்கிறார்கள். மாவும் தண்ணீரும் சேரும் முதல் சில நிமிடங்களில்தான் நூடுல்ஸின் விதி எழுதப்படுகிறது. அந்தச் சில நிமிடங்கள் உங்கள் விரலுக்குக் கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

ராமெனைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றிலும் ஆங்கிலத்தில் நடத்தும் ராமென் வகுப்புகள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் கொழுக்கட்டை மாதிரியான கியோசாவையும் சேர்த்துச் சொல்லித்தருவார்கள். ராமென் நூடுல்ஸ் கோதுமை மாவில் கான்சுயி என்ற காரத்தன்மை (ஆல்கலைன்) உள்ள நீரைச் சேர்த்துச் செய்வது. சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் ஆகிய உப்புகள் கலந்த நீர் அது. மாவில் இயற்கையாகவே உள்ள நிறமிகள் அந்தக் காரத்தன்மையில் மஞ்சளாக மாறும், நூடுல்ஸ் நூலுக்கு ஒரு துள்ளலும் வரும். மாவில் தண்ணீர் மிகக் குறைவு. நூறு கிராம் மாவுக்கு முப்பத்தைந்து, நாற்பது மில்லிதான். அவ்வளவு இறுகிய மாவை வெறுங்கையால் மெல்லிசாகத் தேய்ப்பது கடினம் என்பதால் மெஷினில் விட்டுச் சுற்றுவார்கள். ராமெனுக்கு உயிரான சாறோ பல மணி நேரம் கொதிக்கவேண்டியது. வகுப்பில் அது முன்கூட்டியே தயாராக இருக்கும். ஆக, உங்கள் கைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். மகன் ராமென் ராமென் என்று அடம்பிடித்தால் அதற்கு வேறு ஒரு நல்ல வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உங்கள் குடும்பத்துக்கு என் முதல் தேர்வு தடித்த கோதுமை நூடுல்ஸான உடோன். அதையும் அதற்குப் பேர்போன ககாவாவிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

ககாவா ஷிகோகு தீவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. பரப்பளவில் ஜப்பானிலேயே மிகச் சிறிய மாகாணம். பழைய பெயர் சனுகி. இன்றைக்கும் உடோனில் சனுகி உடோன் என்று தனிப் பேர் உண்டு. ஷின்-ஒசாகாவில் புல்லட் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் ஒகயாமா. அங்கே மெரின் லைனர் என்ற ரயிலுக்கு மாறினால், 1988இல் திறந்த செட்டோ பெரும்பாலத்தின் மேல் கடலைக் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் ககாவாவின் தலைநகர் தகமாட்சு. பாலத்தைக் கடக்கும்போது ஜன்னல் ஓரத்தில் உட்காருங்கள். குட்டிக் குட்டித் தீவுகளாகத் தெரியும் செட்டோ உள்நாட்டுக் கடல்தான் இந்த உணவுக்கு உப்பும் மீனும் கொடுத்தது.

மழை குறைவான பகுதி என்பதால் அங்கே தண்ணீருக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஆயிரக்கணக்கில் குளங்கள் வெட்டி விவசாயம் செய்த ஊர் அது. அவற்றில் மன்னோ என்ற பெரிய ஏரியின் உடைந்த கரையை 821இல் புத்தத் துறவி கூக்காய் முன்னின்று கட்டினார். அந்த ஏரி இன்னும் பாசனத்துக்குப் பயன்படுகிறது. அவர் பிறந்ததும் அதே மாகாணத்தில்தான். சீனத்திலிருந்து உடோனைக் கொண்டுவந்தவரும் அவரே என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது ஐதிகம், வரலாறாக நிறுவப்படவில்லை. நெல் அறுத்த வயலில் கோதுமை போடுவது, கடற்கரையில் உப்பு எடுப்பது, இபுகி தீவில் நெத்திலி காயவைப்பது, ஷோதோ தீவில் சோயா சாஸ் இறக்குவது: ஒரு கிண்ண உடோனுக்கு வேண்டிய நாலும் கூப்பிடு தூரத்தில் கிடைத்த ஊர். இப்போது கோதுமையில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகிறது. அதற்கு ஈடாக உள்ளூரிலேயே விளையவேண்டும் என்று மாகாண அரசு 'சனுகியின் கனவு' என்ற பெயரில் ஒரு கோதுமை ரகத்தை உருவாக்கியிருக்கிறது. சில கடைகளில் அந்தப் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். கண்ணில் பட்டால் உள்ளே போய்ச் சாப்பிடுங்கள்.

வகுப்புக்கு அங்கே அதிகம் பேர் போவது நக்கானோ உடோன் பள்ளி. கோதோஹிராவிலும் தகமாட்சுவிலும் இருக்கிறது. மொழி தெரியாதவர்களும் சமாளிக்கலாம், ஏனென்றால் பாதிப் பாடம் காலால். மாவை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, அதன் மேல் ஏறி மிதிக்கச் சொல்வார்கள். முடிவில் சுருளாகச் சுற்றிய சான்றிதழ் தருவார்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. கட்டணமும் பெருநகரங்களின் தனியார் வகுப்புகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இந்த மிதித்தலை வேடிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடோன் மாவில் நூறு பங்கு மாவுக்குத் தண்ணீர் நாற்பத்தைந்து முதல் ஐம்பது பங்குதான். கையால் பிசைந்தால் மணிக்கட்டு போய்விடும். உடம்பின் எடை முழுவதும் குதிகால் வழியாக மாவில் இறங்கவேண்டும். நடுவிலிருந்து தொடங்கி, ஓரத்தை நோக்கிச் சின்னச் சின்ன அடிகளாக வட்டமாக மிதிப்பார்கள். தட்டையானதும் எடுத்து மூன்றாக மடித்து, திரும்பவும் மிதிப்பார்கள். முதல் தடவை மிதிக்கும்போது மாவு காலுக்கடியில் சொரசொரப்பாக, வெடிப்பு வெடிப்பாக இருக்கும். மூன்றாவது, நாலாவது மடிப்புக்குப் பிறகு மேல்தோல் வழவழவென்று ஆகி, காலை எடுத்தவுடன் பள்ளம் மெல்ல நிமிர்ந்து வரும். கோதுமைப் புரதம் வலைபோல் பின்னிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிர்வைக் கட்டாயம் உங்கள் பாதத்தில் உணர்ந்து பாருங்கள். வீட்டில் செய்யும்போது அளவுகோல் அதுதான்.

அடுத்தது உப்பு. சனுகியில் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு ஒன்று உண்டு. கடும் கோடையில் ஒரு கிண்ணம் உப்புக்கு மூன்று கிண்ணம் தண்ணீர், கடும் குளிரில் ஆறு கிண்ணம், மற்ற நாட்களில் ஐந்து. வெயிலில் மாவு தளர்ந்து போகும், உப்பு அதை இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் கோடையில் உப்புக் கரைசல் அவ்வளவு அடர்த்தி. இதில் பெரும்பகுதி வேகும் தண்ணீரிலும், பிறகு அலசும் தண்ணீரிலும் போய்விடும், ஆகையால் தட்டில் கரிக்காது. சென்னையிலோ மதுரையிலோ செய்யப்போகிறவருக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். குளிர்நாட்டு அளவை அப்படியே இங்கே பின்பற்றினால் மாவு சொன்ன பேச்சு கேட்காது.

மிதித்து முடித்த மாவு ஊறவேண்டும். குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம்கூட வைப்பார்கள். பரோட்டா மாவை அடித்த கையோடு வீசினால் எப்படிச் சுருங்கிக்கொண்டு கிழியுமோ, இதுவும் அப்படித்தான். ஊறினால்தான் இழுத்த இழுப்புக்கு வரும். இங்கேதான் வகுப்புகளின் நெருக்கடி. ஒரு மணி நேர வகுப்பில் ஊறவைக்க நேரம் ஏது? அதனால் பல இடங்களில், அவர்கள் ஊறவைத்த மாவை முதலில் உங்களிடம் கொடுத்துத் தேய்த்து வெட்டச் சொல்வார்கள். பிறகு நீங்கள் புதிதாக ஒரு மாவு பிசைந்து மிதிப்பீர்கள். வரிசை மாறினாலும் எல்லா வேலையும் உங்கள் கையிலும் காலிலும் நடந்துவிடுகிறது. இந்த ஏற்பாடு எனக்குச் சம்மதம். இரண்டாவது பாதி இல்லாத இடத்தைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

தேய்ப்பது மூன்று நாலு மில்லிமீட்டர் கனத்துக்கு. வெட்டுவதும் அதே அகலத்துக்கு, ஆக நூலின் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். கொதிக்கிற தண்ணீர் ஏராளமாக வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் வேகும். எடுத்த உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு, துணி கசக்குவது மாதிரி தேய்த்து அலசுவார்கள். மேலே ஒட்டியிருக்கும் கஞ்சி போய் நூல் பளபளக்கும். அந்த நேரத்தில் நூலின் வெளிப்புறத்தில் ஈரம் அதிகம், நடுவில் குறைவு. பல்லில் மெத்தென்று தொடங்கி உள்ளே பிடித்து நிற்கும் அந்த உறுதி இந்த ஈர வேறுபாட்டால் வருவது. நேரம் போகப் போக ஈரம் சமமாகப் பரவி நூல் சொதசொதத்துவிடும். அதனால் வகுப்பில் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே சாப்பிடுங்கள். சனுகிக்காரர்கள் வேகவைத்துக் கொஞ்ச நேரம் ஆன உடோனைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

கோதோஹிரா போனால் கொம்பிரா கோவிலையும் பார்த்துவிடுங்கள். பிரதான சன்னிதிக்கு 785 படி, உள் சன்னிதி வரை ஏறினால் 1,368. காலையில் படி ஏறி இறங்கிவிட்டு, பசியோடு பதினோரு மணி வகுப்புக்குப் போவது நல்ல திட்டம். அப்படியே அடுத்த நாள் தகமாட்சுவிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் ஷோதோ தீவு. அங்கே சோமென் என்ற மெல்லிய நூடுல்ஸைக் கத்தி இல்லாமல் கையால் இழுத்தே செய்கிறார்கள். எள்ளெண்ணெய் தடவிய மாவுக் கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்து நூலாக்குவது அது. நீளமான குச்சிகளை விட்டு, தொங்கும் நூல்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிக்கும் வேலையைப் பயணிகளுக்கும் கொடுத்துப் பார்க்கும் இடங்கள் தீவில் உண்டு. திரைச்சீலை மாதிரி தொங்கும் அந்த நூல்களுக்கு முன்னால் நிற்பதற்காகவே ஒரு படகுப் பயணம் போகலாம்.

இனி சொபா. நீங்கள் போவது நவம்பர் என்பதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இலையுதிர்காலம் புதுச் சொபா வரும் பருவம். புதிதாக அறுத்து அரைத்த மாவில் லேசான பச்சை நிறமும், வேறு எந்த மாதத்திலும் கிடைக்காத வாசனையும் இருக்கும்.

சொபா செய்யும் தானியம் பக்வீட். வடநாட்டில் குட்டு மாவு என்று விரத நாளில் சாப்பிடுவது இதைத்தான். முக்கோண வடிவ விதை, கோதுமைக் குடும்பத்தோடு சம்பந்தமே இல்லாத செடி. அதனால் அதில் மாவை ஒட்டவைக்கும் கோதுமைப் புரதமான க்ளூட்டன் கிடையாது, மாவு தானாக ஒட்டாது. நூறு சதவீதம் பக்வீட்டில் செய்வதற்கு நல்ல தேர்ச்சி வேண்டும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு எட்டுப் பங்கு பக்வீட்டும் இரண்டு பங்கு கோதுமையும் கலந்துதான் கொடுப்பார்கள். கடைகளிலும் அந்த விகிதம்தான் பரவலாக நடக்கிறது.

நாகானோ மாகாணம் இதற்குத் தாய்வீடு. மேலே சொன்ன நக்கானோ பள்ளியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது ஷிகோகு, இது டோக்கியோவுக்கு வடமேற்கே மலைநாடு. மாவை நூலாக வெட்டிய சொபாவைப் பற்றி இதுவரை கிடைத்த மிகப் பழைய எழுத்துக் குறிப்பு, 1574 ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இதே மாகாணத்தின் கீசோ பள்ளத்தாக்கில் உள்ள ஜோஷோஜி மடத்தில் இருக்கிறது. அதற்கு முன் பக்வீட்டைக் கூழாகவும் களியாகவும்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

டோக்கியோவிலிருந்து நாகானோ புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் மலையேறி ஒரு மணி நேரத்தில் தொகாகுஷி. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் பெரிதாக மாறும், காலையில் மூடுபனி இறங்கும். பக்வீட்டுக்கு அது உகந்த நிலம். அங்கே 'தொன்குருரின்' என்ற சொபா அருங்காட்சியகத்தில் நீங்களே செய்து சாப்பிடும் வகுப்பு நடக்கிறது. தொகாகுஷி முறையில் ஒரே ஒரு உருட்டுக்கட்டைதான். மாவை வட்டமாகவே தேய்ப்பார்கள். டோக்கியோ முறையில் மூன்று கட்டைகள் வைத்து வட்டத்தைச் சதுரமாக்குவார்கள். வெந்த நூலைச் சிறுசிறு பிடிகளாக மடித்து வட்ட மூங்கில் தட்டில் வரிசையாக அடுக்கிப் பரிமாறுவதும் அந்த ஊர் வழக்கம். தட்டும் அங்கேயே மலைமூங்கிலில் முடைவது.

அந்த முதல் சில நிமிடங்களை இங்கேதான் கிட்டத்தில் பார்க்கமுடியும். அரக்கு பூசிய அகலமான கிண்ணத்தில் மாவு. ஐந்நூறு கிராம் மாவுக்கு இருநூற்று இருபது, இருநூற்று நாற்பது மில்லி தண்ணீர். ஒரேயடியாக ஊற்றமாட்டார்கள். முதலில் பாதியை வட்டமாக ஊற்றி, விரல்களை விரித்து நகம்போல் வளைத்து, அடியிலிருந்து மேலாகக் கிளறுவார்கள். அழுத்தவே கூடாது. அழுத்தினால் ஒரு இடம் சேறாகவும் ஒரு இடம் தூளாகவும் நின்றுவிடும். தூள் முதலில் ஈரமணலாகும், பிறகு ரொட்டித்தூள் மாதிரி. இரண்டாவது தண்ணீர் விழுந்ததும் கடுகு, மிளகு, பட்டாணி என்று மணிகள் பெருத்துக்கொண்டே வரும். நிறம் ஒரு படி கறுக்கும். அப்போது கிண்ணத்திலிருந்து பச்சைப்புல்லும் வறுத்த கொட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை எழும்பும். கடைசித் தண்ணீரைச் சொல்லித்தருகிறவர் கரண்டியில்கூட எடுக்கமாட்டார், விரலை நனைத்து உதறுவார். அன்றைய காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அந்த உதறல் ஒன்றா இரண்டா என்பது மாறும். சமையல் குறிப்பில் எழுதமுடியாத பாடம் இதுதான். இதைக் கையால் தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு தூரம் மலையேறுகிறோம்.

பிறகு மணிகளை ஒன்றுதிரட்டிப் பிசைந்து, கூம்பாக உருட்டி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றித் தட்டையாக்குவார்கள். தேய்த்து, மேல்மாவு தூவி மடித்து, ஒரு சின்னப் பலகையை அணைவாக வைத்து, அந்தச் செவ்வகக் கத்தியால் வெட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் கத்தியை மயிரிழை சாய்த்தால் பலகை தானே நகர்ந்து அடுத்த நூலின் அகலத்தைக் காட்டும். டோக்கியோ எடோ என்று அழைக்கப்பட்ட பழைய காலத்தில் மூன்று சென்டிமீட்டருக்கு இருபத்துமூன்று நூல் என்று கணக்கு வைத்திருந்தார்கள். முதல் தடவை வெட்டுகிறவர்களுக்கு அதில் பாதிகூட வராது. தட்டில் நாடாவும் நூலுமாகக் கலந்து கிடக்கும், சாப்பிட ருசியாகவே இருக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் போதும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல், கடைசியில் தொட்டுக்கொண்ட சாற்றில் ஊற்றிக் குடிப்பார்கள். கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள், மறுக்காமல் குடித்துப் பாருங்கள்.

மலையேற நாள் இல்லை என்றால் டோக்கியோவிலேயே சொபா வகுப்புகள் உண்டு, ஆங்கிலத்திலும் நடக்கின்றன. தண்ணீர்க் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பக்வீட் ஒவ்வாமை சிலருக்கு உயிராபத்தாகவே முடியும். ஜப்பானில் பாக்கெட் உணவில் கட்டாயமாக அச்சிடவேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் சொபாவும் ஒன்று. நம் பக்கத்தில் பலர் வாழ்நாளில் பக்வீட் சாப்பிட்டதே இல்லை என்பதால், ஒத்துக்கொள்ளுமா என்று தெரிந்திருக்காது. வகுப்பில் மாவு பறக்கும், மூச்சிலும் போகும். உங்கள் மகனுக்கு வேர்க்கடலை, முந்திரி என்று ஏதாவது ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் சொபாவை நம்பி இறங்கவேண்டாம். எட்டுக்கு இரண்டு கலவையில் கோதுமை இருக்கிறது, சோயா சாஸிலும் இருக்கிறது.

சைவத்துக்கு வருகிறேன், உங்கள் மனைவிக்கு இதுதான் முக்கியம். உடோன் நூல் என்பது மாவு, உப்பு, தண்ணீர் மட்டுமே. சொபா நூலிலும் மாவும் தண்ணீரும்தான். சிக்கல் முழுவதும் சாற்றில். தாஷி என்ற அந்த அடிப்படைச் சாறு சூரை மீனை அவித்துப் புகையிட்டுக் காயவைத்த கட்சுவோபுஷியில் செய்வது. நம் மாசிக் கருவாடும் அதே சூரையில் வருவதுதான். ககாவாவில் கூடுதலாக நெத்திலிக் கருவாடு சேரும். கிண்ணத்தில் மீன் துண்டு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சாறு முழுக்க மீன்தான். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன்சாறு வந்து நிற்கும், கொடுப்பவரும் சரியாகத்தான் கொடுத்தோம் என்று நினைப்பார். அதனால் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்: மீன், நெத்திலி, கட்சுவோபுஷி எதுவும் இல்லாமல், கொம்பு கடற்பாசியும் ஷீதாக்கே காளானும் மட்டும் போட்ட தாஷி கிடைக்குமா? சில நாள் முன்னதாகச் சொன்னால் ஏற்பாடு செய்கிற இடங்கள் உண்டு. அதே நாளில் போய்க் கேட்டால் நடக்காது.

கிடைக்காவிட்டாலும் உடோனுக்கு வழி இருக்கிறது, நான் அதை முதலில் வைப்பதற்கு இதுவும் காரணம். அலசிய நூலின் மேல் வெறும் சோயா சாஸ் சொட்டு விட்டு, துருவிய முள்ளங்கி, இஞ்சி, வெங்காயத்தாள், எள் போட்டுச் சாப்பிடுவது சனுகியில் அன்றாட முறை. சாறே வேண்டாம். ஆனால் மேசையில் இருக்கும் குப்பியில் தாஷி கலந்த சோயா சாஸும் இருக்கும், கலக்காத கிஷோயு எது என்று கேட்டு வாங்குங்கள். பாதுகாப்புக்கு ஒரு சின்னப் பாட்டில் சோயா சாஸ் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. பஜ்ஜி மாதிரிப் பொரிக்கும் தெம்புராவின் மாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். மது தொடாதவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும்: தொட்டுக்கொள்ளும் சாற்றில் மிரின் சேர்ப்பார்கள், அது இனிப்பான அரிசி மது. வேக வைப்பதில் ஆல்கஹால் பெரும்பாலும் போய்விட்டாலும் சேர்க்காமலிருப்பது வேறு விஷயம்.

மகனுக்கான ராமென் வழி இதுதான். ஒசாகாவுக்குப் பக்கத்தில் இகேதா என்ற ஊரில், தன் வீட்டுக் கொல்லையில் போட்ட கொட்டகையில் மொமொஃபுகு ஆண்டோ 1958இல் உடனடி ராமெனைக் கண்டுபிடித்தார். 1971இல் கப் நூடுல்ஸ் வந்தது. இகேதாவில் 1999இலும் யோகோஹாமாவில் 2011இலும் திறந்த கப் நூடுல்ஸ் அருங்காட்சியகங்கள் இரண்டிலும், 'சிக்கன் ராமென் ஃபேக்டரி' என்ற வகுப்பு நடக்கிறது. மாவைப் பிசைந்து, தேய்த்து, வெட்டி, ஆவியில் வேகவைத்து, சுவை சேர்த்து, கடைசியில் சூடான எண்ணெயில் பொரித்துக் காயவைப்பது வரை எல்லாம் நடக்கும். செய்ததைப் பாக்கெட்டில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோகலாம். ஆரம்பப் பள்ளி வயதிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள், உங்கள் பையனுக்குச் சரி. சுவை கோழிதான், சைவத்துக்கு ஆகாது. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு திறந்த உடனே போடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. கையை மடித்துவிடக்கூடிய சட்டை, கட்டக்கூடிய தலைமுடி. மோதிரமும் வளையலும் விடுதியில் இருக்கட்டும், நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். உடோனுக்குப் போகிற அன்று சுத்தமான காலுறை ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக நில்லுங்கள். வர முடியாமல் போனால் முதல் நாளே தெரிவியுங்கள். உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாவு அளந்து, தண்ணீர் கொதிக்க வைத்து ஒருவர் காத்திருப்பார்.

சொபா கத்தி வாங்க ஆசை வந்தால் டோக்கியோவில் கப்பாபாஷி தெருவுக்குப் போங்கள், சமையல் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கத்தியைக் கடைக்காரர் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்து செக்-இன் பெட்டியில் போடுங்கள். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் கையோடு வைத்துத் திரிவது ஜப்பானில் சட்டப்படி குற்றம். என்னைக் கேட்டால் கத்தியைவிட நல்ல நீள உருட்டுக்கட்டைதான் வீட்டில் அதிகம் உழைக்கும்.

ஊருக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே ஒரு தடவை செய்துவிடுங்கள், பாதம் மறப்பதற்குள். ஆட்டா வேண்டாம், அதிலுள்ள தவிடு புரத வலையை அறுத்துவிடும். மைதாதான் உடோனுக்கு நெருக்கம். ஐந்நூறு கிராம் மைதா, இருபத்தைந்து முதல் முப்பது கிராம் உப்பு, இருநூற்று முப்பது மில்லி தண்ணீர். சனுகியின் பழைய கிண்ணக் கணக்கைவிட இது நீர்த்த கரைசல்தான், வீட்டுக்கு இது போதும். உப்பை முதலில் தண்ணீரில் முழுசாகக் கரைத்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாவில் சேருங்கள். மாவு உதிரியாக, இது எப்படிச் சேரும் என்று பயமுறுத்தும் நிலையில்தான் இருக்கவேண்டும், பயந்துபோய்க் கூடுதல் தண்ணீர் விடாதீர்கள். அரைமணி மூடி வைத்தாலே பாதி சேர்ந்துவிடும். பிறகு கனமான பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மேலே துண்டு விரித்து, மகனை ஏற்றிவிடுங்கள். மடித்து மடித்து நாலு தடவை. நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் ஊறினால் போதும். அலசும் தண்ணீரில் மட்டும் ஐஸ் கட்டி போட்டுக்கொள்ளுங்கள், நம் குழாய்த் தண்ணீரின் சூட்டில் நூல் இறுகாது.

நாள் கணக்குக்கு வந்தால்: ஒசாகா, கியோட்டோ பக்கம் தங்கும் நாட்களில் ஒரு இரவை எடுத்து ககாவாவுக்குக் கொடுங்கள், உடோன் வகுப்பு அங்கே. டோக்கியோ நாட்களில் ஒன்று மிஞ்சினால், ஒவ்வாமைச் சந்தேகம் இல்லையென்றால், அதிகாலை ரயிலில் தொகாகுஷி போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். மலை பஸ் எண்ணி நாலைந்துதான் ஓடும் என்று வைத்துக்கொண்டு, திரும்பும் பஸ் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு வகுப்பு நேரத்தைப் பதியுங்கள். புதுச் சொபாப் பருவத்தில் வார இறுதியில் அங்கே கூட்டம் அலைமோதும், செவ்வாய் புதனாகப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கும் கடைகளுக்கும் வார விடுமுறை உண்டு, அதையும் பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.